சஞ்சாக்: செர்பியாவின் முஸ்லிம் ஊர்களும் அவர்களின் மொழிகளும்

செர்பியா என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது போஸ்னியப் போரும் ஸ்ரெப்ரெனிட்சா படுகொலையும்தான். 1995 ஜூலையில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்ட அந்த ஊர் போஸ்னியாவில் இருக்கிறது. ஆனால் செர்பிய நாட்டின் எல்லைக்குள்ளேயே, அதன் தென்மேற்கு மூலையில், பல நூற்றாண்டுகளாகப் பாங்கு ஒலித்துவரும் ஊர்களும் இருக்கின்றன என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தப் பகுதியின் பெயர் சஞ்சாக்.

சஞ்சாக் முழுக்க முழுக்க முஸ்லிம்களின் நிலம் என்று நாம் சொல்ல வரவில்லை. போஸ்னியாக் முஸ்லிம்களும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களான செர்பியர்களும் அங்கே பக்கத்துப் பக்கத்து ஊர்களில், பல இடங்களில் ஒரே தெருவில் வாழ்கிறார்கள். இரு சாராரும் பேசுவது ஏறத்தாழ ஒரே பேச்சு. ஆனால் அந்தப் பேச்சுக்கு என்ன பெயர் என்று கேட்டால் பதில்கள் வேறுபடும். ஒரு சமுதாயம் தன் மொழியை எந்தப் பெயரால் அழைக்கலாம் என்பதே அங்கே பள்ளிக்கூடம், நகராட்சி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எல்லாவற்றையும் தொடும் கேள்வியாக இருக்கிறது. அந்த ஊர்களையும் மொழிகளையும் பற்றி இக்கட்டுரையில் பார்ப்போம்.

பெயரும் எல்லையும்

'சஞ்சாக்' என்ற துருக்கிச் சொல்லுக்குக் கொடி என்று பொருள். உஸ்மானியப் பேரரசில் ஒரு மாகாணத்தின் உட்பிரிவை, அதாவது ஒரு மாவட்டத்தை, இந்தச் சொல்லால் குறித்தார்கள். பேரரசு முழுவதும் எத்தனையோ சஞ்சாக்குகள் இருந்தன. நோவி பஸார் நகரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த இந்தச் சஞ்சாக்குக்கு மட்டும் அந்தப் பதவிப் பெயரே ஊர்ப் பெயராக நிலைத்துவிட்டது.

15ம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிய உஸ்மானிய ஆட்சி இங்கே 1912 வரை நீடித்தது. நெடுங்காலம் போஸ்னியாவோடு சேர்த்தே இப்பகுதி ஆளப்பட்டது. 1878ல் நடந்த பெர்லின் மாநாடு போஸ்னியாவை ஆஸ்திரியா-ஹங்கேரியின் கையில் கொடுத்தது. சஞ்சாக் சுல்தானின் ஆட்சியிலேயே தொடர்ந்தாலும், அதன் மேற்கு ஊர்களில் 1908 வரை ஆஸ்திரியப் படைகள் முகாமிட்டிருந்தன. ஒருபக்கம் செர்பியா, மறுபக்கம் மாண்டினீக்ரோ, நடுவில் ஒரு குறுகலான மலைநிலம் என்பதால் ஐரோப்பிய வல்லரசுகள் எல்லாமே இதன்மீது கண்வைத்திருந்தன.

1912 அக்டோபரில் பால்கன் போர் மூண்டதும் செர்பியப் படை நோவி பஸாருக்குள் நுழைந்தது. அடுத்த ஆண்டே சஞ்சாக் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. வடபகுதி செர்பியாவுக்கும் தென்பகுதி மாண்டினீக்ரோவுக்கும் போயின. இன்றும் அதே நிலைதான். செர்பியப் பக்கத்தில் நோவி பஸார், டுட்டின், சியெனிட்சா, பிரியெபொல்யே, பிரிபோய், நோவா வரோஷ் என்று ஆறு நகராட்சிகள். மாண்டினீக்ரோ பக்கத்தில் பியெலோ பொல்யே, பிளெவ்ல்யா, ரொஷாயே, பெரானே முதலான ஊர்கள்.

இன்றைய செர்பியாவின் நிர்வாக வரைபடத்தில் 'சஞ்சாக்' என்ற பெயரே கிடையாது. ஆறு நகராட்சிகளில் நோவி பஸாரும் டுட்டினும் ராஷ்கா மாவட்டத்தில் இருக்கின்றன. மற்ற நான்கும் ஸ்லாத்திபோர் மாவட்டத்தில் இருக்கின்றன. இரு மாவட்டங்களின் தலைநகரங்களும் சஞ்சாக்குக்கு வெளியே உள்ள ஊர்கள். செர்பியர்களில் பலர் இப்பகுதியை 'ராஷ்கா' என்றே அழைக்க விரும்புகிறார்கள். அது அவர்களுடைய இடைக்கால அரசின் பெயர். போஸ்னியாக்குகள் 'சஞ்சாக்' என்கிறார்கள். ஒருவர் எந்தப் பெயரைச் சொல்கிறார் என்பதிலிருந்தே அவர் எந்தப் பக்கத்தவர் என்று அங்கே ஊகித்துவிடுவார்கள்.

நோவி பஸார்: புதிய சந்தை

'பஸார்' என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 'நோவி' என்றால் புதிய. இந்தப் புதிய சந்தையை உருவாக்கியவர் ஈசா பேக் இஸாகோவிச் என்ற உஸ்மானியத் தளபதி. போஸ்னியாவின் தலைநகரான சரயேவோவுக்கு அடித்தளம் இட்டவரும் இவர்தான். 1460களை ஒட்டி அவர் இங்கே ஒரு பள்ளிவாசல், ஒரு ஹம்மாம், கடைகள் ஆகியவற்றை ஏற்படுத்தினார். கட்டுவதோடு நிற்காமல், கடைகளின் வருமானத்தை அறப்பணிகளுக்கு வக்ஃபு செய்வது அக்கால வழக்கம். பால்கன் நகரங்கள் பலவும் இப்படி ஒரு வக்ஃபைச் சுற்றி வளர்ந்தவையே.

அட்ரியாட்டிக் கடற்கரையின் துப்ரோவ்னிக் துறைமுகத்திலிருந்து இஸ்தான்புல் செல்லும் வணிகப் பாதையில் நோவி பஸார் முக்கியமான தங்குமிடம். வணிகக் கூட்டங்கள் இறங்கிய பழைய சத்திரங்களில் ஒன்றான அமீர் ஆகா ஹான் இன்றும் இருக்கிறது. 17ம் நூற்றாண்டில் துருக்கிப் பயணி எவ்லியா செலபி இந்த ஊருக்கு வந்து எழுதிவைத்திருக்கிறார். 16ம் நூற்றாண்டைச் சேர்ந்த அல்துன் ஆலெம் பள்ளிவாசல் நகரின் அடையாளம். 'அல்துன்' என்றால் தங்கம், 'ஆலெம்' என்றால் மினாராவின் உச்சியில் வைக்கும் அணிகலன்.

இதே நகரத்தின் ஓரத்தில்தான் செர்பியாவின் மிகப் பழைய தேவாலயங்களில் ஒன்றான புனித பேதுரு ஆலயம் நிற்கிறது. சில கிலோமீட்டர் தொலைவில் 13ம் நூற்றாண்டுச் சுவரோவியங்களுக்குப் பெயர்பெற்ற சொப்போச்சானி மடாலயம் இருக்கிறது. பழைய ராஸ் நகரத்தின் இடிபாடுகளும் இந்த மடாலயமும் 1979ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. செர்பியர்கள் இந்த மண்ணைத் தங்கள் அரசின் தொட்டில் என்று கருதுவதற்கு இதுவே காரணம். இரு சமுதாயங்களின் நினைவுகளும் ஒரே பள்ளத்தாக்கில் இருக்கின்றன. எனவே இங்கே யாரும் யாரையும் 'வந்தேறி' என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

2022 கணக்கெடுப்பின்படி நோவி பஸாரின் மக்கள்தொகை 1 லட்சத்து 6 ஆயிரத்துக்கும் மேல். ஐந்தில் நான்கு பேர் போஸ்னியாக்குகள். செர்பியாவின் மற்ற ஊர்களில் முதியவர்கள் கூடிக்கொண்டே போக, இளைஞர்கள் நிறைந்த நகரம் என்று பெயர்பெற்றது இது. 1990களில் யுகோஸ்லாவியா மீது ஐ.நா. பொருளாதாரத் தடை விதித்தபோது இந்த ஊர்க்காரர்கள் வீட்டுக்கு வீடு தையல் இயந்திரம் போட்டு ஜீன்ஸ் தைத்தார்கள். நாடு முடங்கிக் கிடந்த காலத்தில் நோவி பஸார் ஜீன்ஸ் அந்நாடெங்கும் விற்பனையானது. காலைச் சாப்பாட்டுக்கு இங்கே 'மன்தியே' பிரபலம். கறியை உள்ளே வைத்துச் சுட்ட சின்னச் சின்ன மாவுப் பொட்டலங்கள், மேலே தயிர். ஒன்றை எடுத்தால் பத்தில்தான் நிற்க முடியும் என்பார்கள்.

மேட்டு நிலம்: சியெனிட்சா, டுட்டின், பெஷ்டர்

நோவி பஸாரிலிருந்து மேற்கே மலையேறினால் பெஷ்டர் மேட்டு நிலம் வருகிறது. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரம், மரங்கள் குறைந்த பரந்த புல்வெளி. குளிர்காலத்தில் ஊர்கள் பனியில் துண்டிக்கப்படும். 2006 ஜனவரி 26 அன்று இங்குள்ள கராயுகிச்சா புனாரி என்ற கிராமத்தில் பதிவான மைனஸ் 39 டிகிரிதான் செர்பியாவில் அளந்து பதிவுசெய்யப்பட்ட மிகக் கடுமையான குளிர். அந்தக் கிராமத்தின் பெயரில் உள்ள 'புனார்' துருக்கியில் நீரூற்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

இந்த மேட்டு நிலத்தின் பிழைப்பு ஆடுமாடுதான். சியெனிட்சாவின் ஆட்டிறைச்சியும் வெண்ணிறப் பாலாடைக்கட்டியும் செர்பியா முழுவதும் பெயர்பெற்றவை. சியெனிட்சா நகரின் நடுவில், சுல்தானின் தாயார் பெயரால் அழைக்கப்படும் 19ம் நூற்றாண்டுப் பள்ளிவாசல் பெரிய குவிமாடத்தோடு நிற்கிறது. அந்நகராட்சியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் போஸ்னியாக்குகள். தெற்கே கொசோவோ, மாண்டினீக்ரோ எல்லைகளை ஒட்டியிருக்கும் டுட்டினில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் போஸ்னியாக்குகள்.

லிம் ஆற்றங்கரை: பிரியெபொல்யே, பிரிபோய், நோவா வரோஷ்

மேற்கே லிம் ஆற்றின் கரையில் நிலைமை வேறு. பிரியெபொல்யேயில் செர்பியர்களும் முஸ்லிம்களும் ஏறக்குறைய சரிபாதி. ஊரில் பழைய பள்ளிவாசல்கள் உண்டு. ஊருக்கு வெளியே மிலெஷெவா மடாலயமும் அதன் 'வெள்ளை வானவர்' சுவரோவியமும் உண்டு. பிரிபோய் ஒரு காலத்தில் லாரித் தொழிற்சாலையால் வாழ்ந்த ஊர். அங்கே செர்பியர்களே பெரும்பான்மை. நோவா வரோஷில் முஸ்லிம்கள் சிறிய சிறுபான்மையினர்.

பிரிபோய் அருகே எல்லைக்கோடு வினோதமாக வளைந்து நெளிகிறது. போஸ்னியாவுக்குச் சொந்தமான ஒரு சிறு துண்டு நிலம் நான்கு பக்கமும் செர்பியாவால் சூழப்பட்டுக் கிடக்கிறது. பிரிபோய் நகராட்சியைச் சேர்ந்த சியெவெரின் கிராமத்து மக்கள் தங்கள் சொந்த நகரத்துக்குப் பேருந்தில் போகும்போது போஸ்னிய மண்ணைக் கடந்தாக வேண்டும். யுகோஸ்லாவியா ஒரே நாடாக இருந்தவரை இதை யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு அதுவே அவர்களுக்கு ஆபத்தாக முடிந்தது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

ஒரே பேச்சு, பல பெயர்கள்

யுகோஸ்லாவியா இருந்த காலத்தில் பள்ளிகளில் கற்பித்த மொழியின் பெயர் 'செர்போ-குரோவேஷியன்'. நாடு உடைந்ததும் மொழியின் பெயரும் உடைந்தது. இன்று அதே பேச்சு செர்பியாவில் செர்பியம், குரோவேஷியாவில் குரோவேஷியம், போஸ்னியாக்குகளிடம் போஸ்னியம், மாண்டினீக்ரோவில் மாண்டினீக்ரன். இந்த நால்வரும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே பேசிக்கொள்ள முடியும்.

அப்படியானால் வேறுபாடே இல்லையா? சிறுசிறு வேறுபாடுகள் உண்டு. பாலுக்குச் செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் 'ம்லேகோ' என்பார்கள். சஞ்சாக்கின் பெரும்பகுதியில் 'ம்லியேகோ'. காப்பிக்குச் செர்பியர்கள் 'காஃபா', போஸ்னியாக்குகள் 'கஹ்வா'. எளிது என்பதற்குச் செர்பியத்தில் 'லாகோ', போஸ்னியத்தில் 'லஹ்கோ'. தொண்டையிலிருந்து வரும் அந்த 'ஹ' ஒலியைக் கைவிடாமல் வைத்திருப்பது போஸ்னியத்தின் அடையாளங்களில் ஒன்று. எழுத்திலும் வேறுபாடு உண்டு. செர்பிய அரசியல் சட்டம் சிரிலிக் எழுத்தை அதிகாரப்பூர்வமானதாகச் சொல்கிறது. போஸ்னியாக்குகள் பெரும்பாலும் இலத்தீன் எழுத்தில் எழுதுகிறார்கள்.

இவற்றுக்கு முன்பு மூன்றாவதாக ஓர் எழுத்தும் இருந்தது. போஸ்னிய முஸ்லிம்கள் தங்கள் ஸ்லாவிய மொழியை அரபு எழுத்தில் எழுதி, அதை 'அரெபிட்சா' என்று அழைத்தார்கள். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் இங்கே நினைவுக்கு வராமல் போகாது. ஒன்றையொன்று அறியாத இரு சமுதாயங்கள் ஒரே வழியைக் கண்டிருக்கின்றன.

நமக்குப் பழக்கமான சொற்கள்

சஞ்சாக்கில் ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் நாம் போனால், மொழி தெரியாவிட்டாலும் பல சொற்கள் காதில் பிடிபடும். தெருக்கூட்டம் 'மஹலா'. அறக்கொடை 'வக்குஃப்'. பிள்ளைகள் ஓதப்போகும் இடம் 'மெக்தெப்', அதற்கு மேலே 'மெத்ரெசா'. மய்யித்தொழுகை 'ஜெனாஸா'. தொழுகை 'நமாஸ்', ஒளு 'அப்தெஸ்த்', துஆ 'தோவா', தஸ்பீஹ் மணி 'தெஸ்பிஹ்', பொறுமை 'ஸபூர்'. விருந்தாளி 'முஸாஃபிர்'. இறந்தவரை 'மெர்ஹும்' என்று சொல்வார்கள். விடைபெறும்போது 'அல்லாஹிமானெத்' என்பார்கள். அல்லாஹ்விடம் உங்களை அமானிதமாக ஒப்படைக்கிறோம் என்பது அதன் கருத்து.

ஐவேளைத் தொழுகைகளின் பெயர்களைக் கவனித்தால் அந்த மொழியின் வரலாறே தெரிந்துவிடும். சுபுஹு அவர்களுக்கு 'ஸபாஹ்'. லுஹருக்கு 'பொத்னே' என்கிறார்கள், அது நண்பகலைக் குறிக்கும் சுத்தமான ஸ்லாவியச் சொல். அஸர் 'இகிந்தியா', மஹ்ரிப் 'அக்ஷாம்', இஷா 'யாட்சியா', இந்த மூன்றும் துருக்கி வழியாக வந்தவை. அரபு, துருக்கி, ஸ்லாவியம் மூன்றும் ஒரே நாளின் தொழுகைகளில் கலந்திருக்கின்றன.

இச்சொற்களில் பல செர்பியர்களின் வாயிலும் உண்டு. அண்டைவீட்டாரைக் குறிக்கும் 'கொம்ஷியா', கடைத்தெருவைக் குறிக்கும் 'சார்ஷியா' போன்றவை இரு சமுதாயத்துக்கும் பொது. 

மறைந்த மொழிகள்

சஞ்சாக்கில் மார்க்கம் நிலைத்தது, ஆனால் மொழிகள் எல்லாம் நிலைக்கவில்லை. பெஷ்டர் மேட்டு நிலத்து முஸ்லிம் குடும்பங்களில் பல, அல்பேனியக் குலங்களின் வழிவந்தவை. 1700ஐ ஒட்டி வட அல்பேனிய மலைகளின் கெல்மெந்தி குலத்தாரை உஸ்மானிய அதிகாரிகள் வலுக்கட்டாயமாக இங்கே கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். அப்போது கத்தோலிக்கர்களாக இருந்த அவர்களில் ஒரு பகுதியினர் தாயகத்துக்கே திரும்பிவிட்டார்கள். தங்கியவர்கள் காலப்போக்கில் இஸ்லாத்தை ஏற்றார்கள். அக்கம்பக்கத்தோடு சம்பந்தம் செய்து, தலைமுறைகளில் ஸ்லாவிய மொழிக்கு மாறினார்கள். ஊகாவோ, பொரோஷ்டிட்சா, தொலிச்சே போன்ற சில கிராமங்களில் மட்டும் அல்பேனிய மொழி 20ம் நூற்றாண்டு வரை வீடுகளில் புழங்கியது. 'ஷ்கிரியெல்' போன்ற குடும்பப் பெயர்கள் இன்றும் அல்பேனியக் குலங்களின் பெயரைச் சுமக்கின்றன. அவர்கள் தங்களைப் போஸ்னியாக் என்றே கருதுகிறார்கள்.

இந்த இருமொழி உலகம் கடைசி நேரத்தில் ஒலிப்பதிவாகியிருக்கிறது. அமெரிக்க அறிஞர் மில்மன் பாரியும் அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்டும் 1934 நவம்பரில் நோவி பஸாருக்கு வந்து, 'குஸ்லே' என்ற தந்திக் கருவியை இசைத்துக் காவியம் பாடும் முதியவர்களைத் தேடினார்கள். ஊகாவோ கிராமத்தைச் சேர்ந்த ஸாலிஹ் உக்ல்யானின் என்ற பாடகர் அல்பேனியம், ஸ்லாவியம் ஆகிய இரு மொழிகளிலும் காவியம் பாடக்கூடியவர். அடுத்த ஆண்டு, இன்று மாண்டினீக்ரோவில் உள்ள பியெலோ பொல்யே அருகே, அவ்தோ மெஜெதோவிச் என்ற எழுதப்படிக்கத் தெரியாத இறைச்சிக்கடைக்காரர் 12,311 அடிகள் கொண்ட ஒரு காவியத்தை நினைவிலிருந்தே சொல்லி எழுதவைத்தார். பழங்கால கிரேக்கரான ஹோமரின் பெருங்காவியங்கள் எப்படி வாய்மொழியாக உருவாகியிருக்கும் என்பதை உலக அறிஞர்கள் விளங்கிக்கொண்டது இந்த முஸ்லிம் பாடகர்களிடமிருந்துதான்.

இன்னொரு மொழியும் மறைந்தது. ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட யூதர்களுக்கு உஸ்மானியப் பேரரசு இடம் கொடுத்தது. அவர்களின் வழிவந்த சிறு யூத சமுதாயம் ஒன்று நோவி பஸாரில் வணிகம் செய்து வாழ்ந்தது. வீட்டில் பேசியது லடீனோ என்ற பழைய ஸ்பானியம். 1942ல் நாஜி ஜெர்மானியர்கள் அவர்களைப் பிடித்துக்கொண்டுபோய் அழித்தார்கள். இன்று எஞ்சியிருப்பது அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டுமே.

புறப்பட்டுப் போனவர்கள்

1912க்குப் பிறகு முஸ்லிம் குடும்பங்கள் அலை அலையாகத் துருக்கிக்குப் போனார்கள். நிலச் சீர்திருத்தம் என்ற பெயரில் நிலம் பறிபோனதும், உயிருக்கு உத்தரவாதம் இல்லாததும் காரணங்கள். இரண்டாம் உலகப் போரின்போது, 1943ன் தொடக்கத்தில், செர்பிய 'செட்னிக்' படையினர் சஞ்சாக்கிலும் கிழக்குப் போஸ்னியாவிலும் ஆயிரக்கணக்கான முஸ்லிம்களைக் கொன்றார்கள். அதே போரில் முஸ்லிம் ஆயுதக் குழுக்களின் கையால் செர்பியர்களும் மாண்டார்கள் என்பதையும் நாம் மறைக்கக் கூடாது.

போர் முடிவதற்குள் கம்யூனிஸ்டுகளின் தலைமையில் சஞ்சாக்குக்குத் தனிப் பேரவை ஒன்று 1943 நவம்பரில் உருவானது. தன்னாட்சி கிடைக்கும் என்ற நம்பிக்கையும் பிறந்தது. 1945 மார்ச்சில் அந்தப் பேரவை கலைக்கப்பட்டு, பகுதி மீண்டும் இரு குடியரசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது.

1950களில் யுகோஸ்லாவியாவும் துருக்கியும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி குடிபெயர்வு மீண்டும் தொடங்கியது. ஆனால் துருக்கிக்குப் போக வேண்டுமானால் 'நான் துருக்கியன்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். துருக்கி மொழியில் ஒரு வார்த்தையும் தெரியாத குடும்பங்கள் அப்படி எழுதிக் கொடுத்தன. இந்த வழி மாசிடோனியாவில்தான் எளிதாக இருந்ததால் பலர் முதலில் அங்கே குடியேறி, பிறகு புறப்பட்டார்கள். இன்று இஸ்தான்புல்லின் பைராம்பாஷா, பெந்திக் பகுதிகளில் சஞ்சாக் வம்சாவளியினர் பெருமளவில் வாழ்கிறார்கள். அங்கே பாட்டிமார் போஸ்னியம் பேச, பேரப்பிள்ளைகள் துருக்கியில் பதில் சொல்கிறார்கள். சஞ்சாக்கில் அல்பேனியத்துக்கு நேர்ந்தது, இஸ்தான்புல்லில் போஸ்னியத்துக்கு நேர்கிறது.

1992, 1993

யுகோஸ்லாவியா உடைந்தபோது சஞ்சாக்கின் முஸ்லிம் தலைவர்கள் 1991 அக்டோபரில் தன்னாட்சி கோரி ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். பெல்கிரேட் அதை ஏற்கவில்லை. போஸ்னியாவில் போர் தொடங்கியதும் எல்லையோர முஸ்லிம்களின் நிலை மோசமானது.

முன்பு சொன்ன சியெவெரின் கிராமத்துப் பேருந்து 1992 அக்டோபர் 22 அன்று பிரிபோய்க்குப் போகும் வழியில் போஸ்னிய மண்ணில் நிறுத்தப்பட்டது. பதினாறு முஸ்லிம்கள், அவர்களில் ஒருவர் பெண், இறக்கப்பட்டார்கள். விஷெகிராத் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சித்திரவதைக்குப் பின் டிரினா ஆற்றங்கரையில் கொல்லப்பட்டார்கள். 1993 பிப்ரவரி 27 அன்று பெல்கிரேடிலிருந்து பார் துறைமுகம் செல்லும் ரயில், போஸ்னிய மண்ணில் உள்ள ஷ்ட்ர்ப்ட்சி என்ற சிறு நிலையத்தில் நிறுத்தப்பட்டது. ஆயுதம் தாங்கியவர்கள் அடையாள அட்டைகளைச் சோதித்து, பெயரைப் பார்த்துச் சுமார் இருபது பேரை இறக்கிக் கொண்டுபோய்க் கொன்றார்கள். பெரும்பாலானோர் முஸ்லிம்கள்.

இரு சம்பவங்களிலும் கொலையாளிகள் பேசியதும் கொல்லப்பட்டவர்கள் பேசியதும் ஒரே மொழி. பிரித்துக் காட்டியது அட்டையில் இருந்த பெயர்தான். சியெவெரின் வழக்கில் பெல்கிரேட் நீதிமன்றம் 2003ல் நால்வருக்குத் தண்டனை விதித்தது. பெரும்பாலானோரின் ஜனாஸாக்கள் இன்றுவரை குடும்பத்தாருக்குக் கிடைக்கவில்லை. ஆண்டுதோறும் அந்தத் தேதிகளில் உறவினர்கள் கூடித் துஆ செய்கிறார்கள்.

மொழிக்குப் பெயர் வைக்கும் உரிமை

யுகோஸ்லாவியாவில் இம்மக்களை 'முஸ்லிம்' என்ற பெயரிலேயே ஓர் இனமாகப் பதிவுசெய்தார்கள். 1971 கணக்கெடுப்பில் அது முழு அங்கீகாரம் பெற்றது. 1993 செப்டம்பரில் சரயேவோவில் கூடிய மாநாடு 'போஸ்னியாக்' என்ற பழைய பெயரை மீட்டெடுத்தது. 2022 கணக்கெடுப்பில் செர்பியாவில் 1 லட்சத்து 53 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்களைப் போஸ்னியாக் என்று எழுதினார்கள். பழைய வழக்கப்படி 'முஸ்லிம்' என்று எழுதியவர்களும் உண்டு.

மொழி விஷயத்தில் செர்பியச் சட்டம் ஒரு வாசலைத் திறந்துவைத்திருக்கிறது. ஒரு நகராட்சியில் ஒரு சிறுபான்மை இனத்தார் 15 சதவீதத்தை எட்டினால் அவர்கள் மொழியையும் அங்கே அலுவல் மொழியாக்க வேண்டும். சிறுபான்மை மொழிகளுக்கான ஐரோப்பிய சாசனம் 2006ல் செர்பியாவில் நடைமுறைக்கு வந்தபோது அதன் பட்டியலில் போஸ்னியமும் இடம்பெற்றது. நோவி பஸார், டுட்டின், சியெனிட்சா நகராட்சிகளில் போஸ்னியம் அலுவல் மொழி. முதலில் விருப்பப் பாடமாக இருந்த போஸ்னியம், 2013ல் இருந்து பாடமொழியாகவும் ஆனது.

ஆனால் சர்ச்சை ஓயவில்லை. இந்த மொழிக்குப் 'போஸ்னியம்' என்று பெயர் சொல்லக் கூடாது, 'போஸ்னியாக் மொழி' என்றுதான் சொல்ல வேண்டும் என்று செர்பிய மொழியறிஞர்களில் ஒரு சாரார் வாதிடுகிறார்கள். நம் மொழிக்குப் பெயர் வைக்க நமக்குத்தான் உரிமை என்பது போஸ்னியாக்குகளின் பதில். வகுப்பைத் தேர்ந்தெடுப்பதிலும் பெற்றோருக்குத் தயக்கம் உண்டு. பிள்ளை பெல்கிரேடில் மேற்படிப்புக்கோ வேலைக்கோ போனால் போஸ்னியத்தில் படித்த சான்றிதழ் தடையாகுமோ என்ற கவலை அது. பிள்ளைகளின் எதிர்காலமா, அடையாளமா என்று யோசிக்கும் பெற்றோரின் மனநிலை நமக்கும் புதிதல்ல.

உள்ளுக்குள்ளும் பிளவு உண்டு. 2007ல் இருந்து செர்பிய முஸ்லிம்களுக்கு இரண்டு தலைமை அமைப்புகள். ஒன்று நோவி பஸாரைத் தலைமையிடமாகக் கொண்டு சரயேவோவின் தலைமையை ஏற்றிருக்கிறது. மற்றொன்று பெல்கிரேடைத் தலைமையிடமாகக் கொண்டது. பள்ளிவாசல்களும் வக்ஃபுச் சொத்துகளும் யாருக்கு என்ற இழுபறி சில சமயம் கைகலப்பு வரை போயிருக்கிறது. அரசிடம் உரிமை கேட்கும் நேரத்தில் இரண்டு குரலாகப் போய் நிற்பதன் இழப்பை அங்குள்ளவர்களே உணர்ந்து பேசுகிறார்கள்.

அதே நேரத்தில் நம்பிக்கை தரும் செய்திகளும் உண்டு. உலகப் போருக்குப் பின் மூடப்பட்டிருந்த ஈசா பேக் மதரஸா 1990ல் நோவி பஸாரில் மீண்டும் திறக்கப்பட்டது. மலை ஊரான நோவி பஸாரில் இன்று இரண்டு பல்கலைக்கழகங்கள். 2002ல் தனியார் பல்கலைக்கழகமும் 2006ல் அரசுப் பல்கலைக்கழகமும் தொடங்கப்பட்டன. முஸ்லிம் மாணவர்களும் செர்பிய மாணவர்களும் சேர்ந்தே படிக்கிறார்கள்.

நம் வீட்டில்

அடுத்த முறை பிள்ளைகளோடு உலக வரைபடத்தை விரிக்கும்போது, செர்பியாவின் தென்மேற்கு மூலையில் விரலை வைத்துக் காட்டுங்கள். இங்கேயும் மஹல்லா உண்டு, மக்தப் உண்டு, ஸபாஹ் தொழுகைக்கு மைனஸ் முப்பதிலும் பனியை விலக்கிக்கொண்டு பள்ளிக்குப் போகிறவர்கள் உண்டு என்று சொல்லிக்கொடுங்கள். பெஷ்டர் மேட்டில் அல்பேனியம் மறைந்ததை எண்ணிப் பாருங்கள். வீட்டில் பிள்ளைகளிடம் பேசுவது குறைந்தது, இரண்டு மூன்று தலைமுறைகளில் போய்விட்டது. போஸ்னியத்துக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் இன்றைய சஞ்சாக் பெற்றோர் பள்ளி விண்ணப்பத்தில் மொழிக் கட்டத்தை நிரப்பும்போது யோசிக்கிறார்கள்.

அந்த மக்களுக்கு அமைதியும், பிரிந்து நிற்கும் ஜமாஅத்துகளுக்கு ஒற்றுமையும் கிடைக்க நாம் துஆ செய்வோம். அவர்களுடைய சொல்லிலேயே விடைபெறுகிறோம்: அல்லாஹிமானெத்.